அணைக்கத் தெரிந்தவளே ஏற்றத் தெரிந்தவள்

(பள்ளியில் டிஜிட்டல் புரொஜெக்டரை அமைத்தலும் பாதுகாப்பாக இயக்குதலும்)

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, கூனிமேடு

முன்னுரை

இறைவன் உலகைப் படைக்கத் தொடங்கியபோது முதலில் தோன்றச் செய்தது ஒளியே என்று தொடக்க நூல் வழியாக அறிகிறோம். அந்த ஒளியைத் துணையாகக் கொண்டு மனிதன் செய்துகொண்ட கருவிகள் பல. அவற்றுள் இன்று கரும்பலகைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்ட கருவி டிஜிட்டல் புரொஜெக்டர் ஆகும். கலைச்சொல் நூல்கள் இதனை 'வீழ்த்தி' என்று கூறும். நாம் வகுப்பில் அழைக்கும் பெயராலேயே இங்கும் அழைப்போம்.

ஆசிரியை ஒரு மணி நேரம் வரைய வேண்டிய இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை இக்கருவி ஒரு நொடியில் காட்டிவிடும். ஆனால் இதனை இயக்குவது எளிது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதே இதற்கு வரும் பெரிய ஆபத்து. நான் அப்படி எண்ணியவள்தான்.

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்புத் தங்கையருக்குக் கடல் ஓதங்களைப் பற்றிய படம் காட்டும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. படம் முடிவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அவசரத்தில் பிளக்கை அப்படியே பிடுங்கிவிட்டு, சூடு ஆறாத கருவியைப் பைக்குள் திணித்து அலமாரியில் வைத்துவிட்டு ஓடினேன். அன்று மட்டுமல்ல, அதற்கு முன்பும் பலமுறை அப்படியே செய்திருக்கிறேன். சில நாட்கள் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 'படார்' என்ற ஓசையுடன் விளக்கு வெடித்தது. இறையருளால் யாருக்கும் காயமில்லை.

"சிஸ்டர், நான்தான் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கினேன்" என்று அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் போய் அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஒரு நாள் செய்ததால் வெடித்திருக்காது. பல நாள் செய்ததால் வெடித்திருக்கலாம். அழுது என்ன பயன்? ஏன் அப்படி ஆனது என்று படி. படித்ததை மற்றவர்களுக்கும் சொல்" என்றார். புது விளக்கு வரும்வரை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் காணும்போதெல்லாம், "அக்கா, படம் எப்போ போடுவீங்க?" என்று கேட்டார்கள். விளக்கின் விலையைக் கேட்டபோது, உப்பளத்தில் என் தந்தை எத்தனை நாள் வெயிலில் நின்றால் அந்தப் பணம் சேரும் என்று கணக்கிட்டேன். அந்தக் கணக்குதான் என்னைப் படிக்க வைத்தது. படித்ததை இங்கே எழுதுகிறேன்.

மாய விளக்கு முதல் டிஜிட்டல் வரை

ஒளியால் படம் காட்டும் கலை பழமையானது. 1659-ஆம் ஆண்டளவில் ஆலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஐகன்ஸ் என்பவர் 'மாய விளக்கு' என்னும் கருவியை அமைத்தார். கண்ணாடியில் தீட்டிய படத்தின் பின்னே விளக்கையும் முன்னே குவிலென்சையும் வைத்தால் சுவரில் பெரிய படம் விழும். இயேசு சபைத் துறவியான அத்தனாசியுஸ் கிர்ச்சர் 1671-இல் வெளிவந்த தம் நூலின் பதிப்பில் இதன் படத்தை அச்சிட்டார். அந்தப் படத்தில் கண்ணாடிச் சில்லு நேராகவே வைக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் அதனைத் தலைகீழாக வைக்க வேண்டும். அதன் காரணத்தைப் பின்னர் காண்போம்.

தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டிய முன்னோடி கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஆவார். 1883-இல் பிறந்த இவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். திருச்சிராப்பள்ளியில் இரயில்வேயில் பணியாற்றி வந்தார். 1905-ஆம் ஆண்டு து போன் என்னும் பிரெஞ்சுக்காரர் படம் காட்டியபடி திருச்சிக்கு வந்தபோது உடல் நலம் குன்றித் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவரிடமிருந்த படக்கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஊமைப்படமும் அவற்றுள் இருந்தது. வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கத்தைக் கட்டினார். 1942-இல் மறைந்தார்.

மின்சாரம் எட்டாத ஊர்களில், எளிதில் தீப்பற்றும் படச்சுருளை வைத்துக்கொண்டு அக்காலத்தவர் எவ்வளவு விழிப்புடன் இருந்திருக்க வேண்டும்! பிற்காலத்தில் திரையரங்குகளில் படம் ஓட்டுபவர் அதற்கான உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று விதி வந்தது. பள்ளியில் புரொஜெக்டரைத் தொடும் நம்மிடம் யாரும் உரிமம் கேட்பதில்லை. கேட்காததாலேயே நாமாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கருவியின் உள்ளே நடப்பது என்ன?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் பாடம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குவிலென்சின் குவியத்துக்கும் இருமடங்கு குவியத் தொலைவுக்கும் இடையில் ஒரு பொருளை வைத்தால், மறுபக்கத்தில் பெரிதான, தலைகீழான, மெய்ப்பிம்பம் கிடைக்கும். மெய்ப்பிம்பத்தையே திரையில் பிடிக்க முடியும். அது தலைகீழாக விழும் என்பதால்தான் மாய விளக்கில் சில்லைத் தலைகீழாக வைக்க வேண்டும். டிஜிட்டல் புரொஜெக்டரில் இந்தத் திருப்பத்தைக் கருவியே கவனித்துக்கொள்கிறது. கூரையில் கவிழ்த்துத் தொங்கவிடும்போது மட்டும் 'சீலிங்' என்னும் அமைப்பை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சில்லுக்குப் பதிலாக இன்று இருவகை உறுப்புகள் உள்ளன. முதல் வகையில் வெண்ணிற ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் எனச் சிறப்புக் கண்ணாடிகள் பிரிக்கின்றன. ஒவ்வொரு நிறமும் ஒரு சிறு திரவப் படிகத் தகட்டின் வழியே செல்கிறது. பிறகு ஒரு முப்பட்டகத் தொகுதி மூன்றையும் ஒன்றாக்கி லென்சுக்கு அனுப்புகிறது. இரண்டாம் வகையில் நகத்தளவான ஒரு சில்லின் மேல் இலட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு உரியது. லென்சின் பக்கம் சாய்ந்தால் அப்புள்ளி ஒளிரும். மறுபக்கம் சாய்ந்தால் இருளும். இந்த நுண்கண்ணாடிச் சில்லை 1987-இல் அமெரிக்க அறிவியலறிஞர் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தார்.

இனி என் தவறுக்குக் காரணமான விளக்கைப் பற்றிக் கூறுகிறேன். பல பள்ளிகளில் இன்றும் உள்ள புரொஜெக்டர்களில் பாதரச ஆவி விளக்கு இருக்கிறது. கட்டைவிரல் அளவும் இல்லாத குவார்ட்சுக் குமிழுக்குள் ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தில் பாதரச ஆவி ஒளிர்கிறது. நாம் சைக்கிள் டயருக்கு அடிக்கும் காற்றின் அழுத்தம் மூன்று, நான்கு வளிமண்டலமே. குமிழின் வெப்பநிலையோ ஏறக்குறைய 900 டிகிரி செல்சியசை எட்டுகிறது. இவ்வளவு வெப்பத்தையும் வெளியேற்றிக்கொண்டிருப்பது ஒரு சிறு விசிறி. அதுவே கருவியின் மூச்சு. நாம் பிளக்கைப் பிடுங்கினால் விளக்கோடு மூச்சும் நின்றுவிடுகிறது. வெளியேற வழியில்லாத வெப்பம் குமிழையும் பக்கத்திலுள்ள தகடுகளையும் தாக்குகிறது. நாளடைவில் குவார்ட்சு பலம் இழக்கிறது.

எல்.இ.டி. விளக்காலோ லேசராலோ இயங்கும் புதிய வகைகளும் வந்துள்ளன. அவற்றில் பாதரசம் இல்லை. அவை 20,000 மணி நேரம்வரை உழைக்கும் என்பர். பாதரச விளக்குகள் பொதுவாகச் சில ஆயிரம் மணி நேரமே உழைப்பவை. நம் கையில் உள்ளது எந்த வகை என்று கருவியுடன் வந்த கையேட்டைப் பார்த்து அறிவதே முதல் பாடம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கருவியை வைக்கும் மேசை ஆடாததாக இருக்க வேண்டும். பெஞ்சின் மேல் புத்தகங்களை அடுக்கி அவற்றின் மேல் வைப்பது கூடாது. காற்று உள்ளே போகும் துளைகளையும் வெளியே வரும் துளைகளையும் சுற்றி ஒரு முழ இடமாவது காலியாக இருக்க வேண்டும். மேசை விரிப்பின் மேலோ பஞ்சு மெத்தை மேலோ வைத்தால் அடித்துளைகள் அடைபடும். சூடான காற்று வரும் பக்கத்தில் யாரும் அமரலாகாது. கூரையில் பொருத்துவதாயின் பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும். திருகு தளர்ந்தாலும் தாங்கிக்கொள்ளும்படி ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும்.

அடுத்து தூரம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தூர விகிதம் உண்டு. திரைக்கும் லென்சுக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவதே அது. விகிதம் 1.5 என்று கையேட்டில் இருந்தால், 2 மீட்டர் அகலப் படத்துக்குக் கருவியை 3 மீட்டர் தூரத்தில் வைக்க வேண்டும். இதை முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டால் மேசையை இங்கும் அங்கும் இழுக்கும் வேலை இல்லை.

'பெரிய படமே நல்ல படம்' என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று என்பதைக் கணக்கே காட்டும். 3000 லூமென் ஒளி தரும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். படம் 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உடையதாயின் பரப்பு 3 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1000 லூமென் கிடைக்கும். அதே படத்தை 3 மீட்டர் அகலமும் 2.25 மீட்டர் உயரமும் ஆக்கினால் பரப்பு 6.75 சதுர மீட்டர். இப்போது சதுர மீட்டருக்கு 444 லூமெனே கிடைக்கும். அகலம் ஒன்றரை மடங்கானது. ஒளியோ பாதிக்கும் கீழே போயிற்று. கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்து தெரியும் அளவே போதுமான அளவு.

இன்னொரு உண்மையையும் கவனியுங்கள். எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தைத் திரையில் பாய்ச்ச முடியாது. ஒளி விழாத இடமே கறுப்பு. ஆகையால் சன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் படத்தின் கறுப்பெல்லாம் வெளிறிச் சாம்பலாகிவிடும். திரைக்கு அருகிலுள்ள சன்னலையும் விளக்கையும் மட்டும் மறைத்தால் போதும். அறை முழுவதையும் இருட்டாக்கிப் பிள்ளைகளைப் புழுங்க விட வேண்டியதில்லை. கதவை ஒருபோதும் மறைக்கலாகாது.

கருவியைத் திரைக்கு நேராக வைக்க வேண்டும். மேல்நோக்கிச் சாய்த்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். இதைச் சரிசெய்யும் 'கீஸ்டோன்' என்னும் அமைப்பு பல கருவிகளில் உண்டு. ஆயினும் அது படத்தின் ஒரு பகுதியைச் சுருக்கியே நேராக்குகிறது. அதனால் எழுத்தின் தெளிவு குறையும். முதலில் மேசையின் உயரத்தைச் சரிசெய்வோம். இயலாதபோது மட்டும் கீஸ்டோனை நாடுவோம்.

ஏற்றும் வரிசை

1. மின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த கையால் பிளக்கைச் செருகவும்.

2. மடிக்கணினியையும் புரொஜெக்டரையும் எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. கம்பியால் இணைக்கவும். வி.ஜி.ஏ. இணைப்பியின் ஊசிகள் வளையக்கூடியவை; ஆகவே நேராக வைத்து மெல்ல அழுத்தவும்.

3. கம்பிகள் நடைபாதையில் கிடந்தால் சுவரோரமாகக் கொண்டு செல்லவும். இயலாவிட்டால் தரையோடு ஒட்டுநாடாவால் ஒட்டவும். ஒரு பிள்ளையின் கால் தடுக்கினால் பிள்ளையும் விழும், கருவியும் விழும்.

4. லென்சின் மூடியைக் கழற்றவும். மூடியோடு ஒளியை ஏற்றினால் மூடி வெப்பத்தால் உருகக்கூடும்.

5. சுவிட்சைப் போட்டு, கருவியின் பொத்தானை ஒருமுறை மட்டும் அழுத்தவும். பாதரச விளக்கு முழு ஒளிக்கு வர ஒரு நிமிடம்வரை ஆகலாம். பொறுமையின்றித் திரும்பத் திரும்ப அழுத்தினால் கருவி குழம்பி அணையும்.

6. படம் வராவிட்டால் உள்ளீடு சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தி, இரு திரைகளிலும் ஒரே படம் வரும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

7. முதலில் படத்தின் அளவைச் சரிசெய்யவும். பிறகு தெளிவைச் சரிசெய்யவும். படத்தை விடச் சிறிய எழுத்துகளைப் பார்த்துத் தெளிவாக்குவதே எளிது.

ஒளி எரியும்போது லென்சுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. இது சிறு பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய விதி. லேசர் வகையில் இது இன்னும் முக்கியம். விளக்கம் சொல்பவர் திரைக்குப் பக்கத்தில் நின்று நீண்ட குச்சியால் சுட்டிக்காட்டினால், ஒளி அவர் கண்ணில் படாது. அவர் நிழலும் படத்தில் விழாது.

அணைக்கும் வரிசை

கட்டுரையின் உயிர்நாடி இதுதான்.

1. கருவியின் பொத்தானை அழுத்தவும். 'அணைக்கலாமா?' என்று கருவி கேட்கும். மறுபடி அழுத்தவும்.

2. விளக்கு அணையும், விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். அது தானாக நிற்கும்வரை காத்திருக்கவும். சில நிமிடங்களே ஆகும்.

3. விசிறி நின்று, குறிவிளக்கு நிலையானபின் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுக்கவும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிளக்கைப் பிடித்தே இழுக்க வேண்டும்.

4. கருவியின் உடல் தொடும்படி ஆறியபின் லென்சை மூடிப் பையில் வைக்கவும்.

சில புதிய கருவிகளில் உடனே அணைத்துவிடும் வசதி உண்டு. அப்படிக் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே நம்பலாம். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே அணைக்கத் தொடங்குவது எல்லா வகைக்கும் நல்ல வழக்கம். அந்த ஐந்து நிமிடத்தில் ஆசிரியை கேள்வி கேட்கலாம். விசிறியும் ஆறும், பாடமும் மனத்தில் ஊறும்.

திடீரென்று கரண்ட் போனால் என்ன செய்வது? உடனே சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுத்துவிட வேண்டும். மின்சாரம் திரும்பும்போது ஏறி இறங்கி வருவதால் கருவிக்குத் தீங்கு நேரலாம். சூடான பாதரச விளக்கு உடனே ஏற்றினாலும் எரியாது. கால் மணி நேரமாவது ஆறவிட்டு ஏற்றவும். யு.பி.எஸ். ஒன்று இருந்தால் விசிறி தன் வேலையை முடிக்கும்வரை மின்சாரம் கிடைக்கும்.

விளக்கு வெடித்துவிட்டால் கருவியை அணைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்து காற்றோட விட வேண்டும். பாதரச ஆவி நஞ்சு. உடைந்த துண்டுகளை வெறுங்கையால் தொடுவதும், துடைப்பத்தால் கூட்டுவதும் கூடாது. பழுது பார்ப்பவரே திறக்க வேண்டும். புது விளக்கின் குவார்ட்சுக் குமிழையும் விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகமாகச் சூடேறிப் பழுதாகும்.

உப்புக்காற்றும் மின்சாரமும்

இதுவரை கூறியவை எந்த ஊருக்கும் பொருந்தும். கூனிமேடு, மரக்காணம் கடற்கரையில் வாழும் நமக்குத் தனியாக ஒரு பகை உண்டு. அது உப்புக்காற்று.

நமக்குச் சோறு போடும் உப்பே கருவிகளுக்கு நஞ்சாகிறது. உப்பளத்தில் நீர் இறைக்கும் மோட்டாரின் இணைப்புகளைப் பாருங்கள். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பும் இரும்பு ஆணியில் செந்துருவும் படிந்திருக்கும். காற்றில் மிதந்து வரும் உப்புத் துகள் புரொஜெக்டரின் விசிறி வழியே உள்ளேயும் போகிறது. காற்றின் ஒப்புமை ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்திருந்தபோது தீங்கு செய்யாத தூசு, ஈரம் பட்டதும் மின்கசிவுக்கும் அரிப்புக்கும் வழி செய்கிறது.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நம் வீட்டுச் சமையலறையில் உள்ள கல்லுப்புச் சாடியே போதும்! கடல் உப்பில் சிறிதளவு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் விரைவாக ஈரம் இழுக்கும். சாடியில் உப்பு கசிந்து நீர் விட்டிருந்தால், புரொஜெக்டருக்கும் அன்று ஈரக் காற்றுதான் என்று அறியலாம். அன்று பிளக்கையும் பையையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்த பிறகே இயக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டு வந்தால் லென்சில் பனி படியும். அது தானாக மறைந்தபின் ஏற்ற வேண்டும்.

களிம்பு ஏறிய பிளக்கினால் என்ன கேடு? மின்னோட்டவியலில் படித்த ஜூல் விதியை இங்கே பொருத்திப் பார்ப்போம். ஒரு புரொஜெக்டரின் திறன் 300 வாட் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1.3 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். களிம்பினால் பிளக்கில் 2 ஓம் மின்தடை ஏற்பட்டால், அங்கே உண்டாகும் வெப்பத்திறன் 1.3 × 1.3 × 2, அதாவது ஏறத்தாழ 3.4 வாட். இது பெரிதன்று. பெற்றோர் கூட்டத்தன்று அதே நீட்டிப்புப் பெட்டியில் தேநீர் போட 1500 வாட் மின்கெட்டிலையும் செருகினோம் என்று வையுங்கள். கெட்டில் மட்டுமே 6.5 ஆம்பியர் எடுக்கும். இது 5 மடங்கு மின்னோட்டம். வெப்பமோ 25 மடங்கு. ஏறத்தாழ 85 வாட் வெப்பம் அந்தச் சிறு பிளக்குக்குள் அடைபடும். பிளாஸ்டிக் உருகவும் தீப்பிடிக்கவும் அது போதும். 6 ஆம்பியர் பெட்டி அதைத் தாங்காது. ஆகவே புரொஜெக்டர் செருகிய பெட்டியில் கெட்டிலையோ இஸ்திரிப் பெட்டியையோ செருகலாகாது.

மூன்று முனைப் பிளக்கில் ஒரு முனை மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நிலக்கம்பிக்கு உரியது. செருகும்போது முதலில் தொடுவதும், எடுக்கும்போது கடைசியில் விடுவதும் அதுதான். கருவியின் உடலில் மின்சாரம் கசிந்தால் நம் உடல் வழியே போகாமல் நிலத்துக்குப் போக அது வழி செய்கிறது. 'பொருந்தவில்லை' என்று அந்த முனையை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது உயிர்காக்கும் கையை வெட்டுவதற்கு ஒப்பாகும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனத்தைப் பெட்டியில் பொருத்தினால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்கும். வீட்டிலும் இது வேண்டும் என்பதைப் பெற்றோர் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

யாருக்கேனும் மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மின்சாரத்தை அணைக்க வேண்டும். மின்கருவியில் தீப்பற்றினால் நீர் ஊற்றக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, கரியமில வாயு அல்லது உலர்தூள் தீயணைப்பானைப் பயன்படுத்த வேண்டும்.

காற்று வடிகட்டியைக் கையேடு கூறும் காலத்துக்கு ஒருமுறை, கடற்கரையில் அதைவிட அடிக்கடி, தூசு நீக்க வேண்டும். பிளக்கை எடுத்து, கருவி ஆறியபின் மென்மையான தூரிகையால் துடைக்கலாம். சுண்ணக்கட்டித் தூளும் வடிகட்டியை அடைக்கும். ஆகவே படம் காட்டும் முன் கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பது நல்லது. லென்சைத் தாவணி முனையால் துடைக்காதீர்கள். உப்புத் துகள் கீறிவிடும். அதற்கென்று விற்கும் மென்துணியே ஏற்றது. வேலையில்லாத நாட்களில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய பையில் வைக்கலாம். மழைக்காலத்தில் தரையில் வைக்காமல் உயர்ந்த அலமாரியில் வைக்க வேண்டும்.

பாரிசில் நடந்த ஒரு துயரம்

படம் காட்டும் இடத்தில் விதிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறேன். 1897-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் ஏழைகளுக்காகக் கத்தோலிக்கப் பெண்மணிகள் ஓர் அறக்கொடை விற்பனை விழா நடத்தினர். மரத்தாலான தற்காலிகக் கொட்டகையில், வண்ணம் தீட்டிய துணியாலும் அட்டையாலும் பழங்கால வீதிபோல் அலங்காரம் செய்திருந்தனர். புதுமையாகச் சலனப்படமும் காட்டினர். படக்கருவியின் விளக்கு ஈதர் ஆவியால் எரிவது. விளக்கில் ஈதரை நிரப்பும் வேளையில் தீக்குச்சி கிழிக்கப்பட்டது. ஆவி பற்றிக்கொண்டது. சில நிமிடங்களில் கொட்டகை முழுவதும் எரிந்தது. 120-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஆஸ்திரியப் பேரரசியின் தங்கையான அலான்சோன் சீமாட்டி, மற்றவர்கள் முதலில் வெளியேறட்டும் என்று நின்று அங்கேயே மாண்டார். அந்த இடத்தில் இன்று அன்னை மரியாவின் பெயரால் ஒரு சிற்றாலயம் நிற்கிறது.

கருவியைச் செய்தவர் மேலோ விழாவை நடத்திய நல்ல உள்ளங்கள் மேலோ பழி சொல்வது என் நோக்கமன்று. நல்ல நோக்கம் மட்டும் தீயைத் தடுக்காது என்பதையே அந்த நிகழ்ச்சி கற்பிக்கிறது. இன்று ஈதர் இல்லை. தீப்பற்றும் படச்சுருளும் இல்லை. ஆனால் வெப்பம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. ஆகவே படம் காட்டும் அறையில் இரு கதவுகள் இருந்தால் இரண்டும் தாழிடாமல் இருக்கட்டும். கதவருகே பெஞ்சு வேண்டாம். திரைச்சீலை கருவிக்கு அருகில் தொங்க வேண்டாம். விளக்கைப் போடும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அறிந்த ஒரு மாணவி அதன் அருகிலேயே அமரட்டும்.

முடிவுரை

அன்புத் தோழியரே! ஏற்றுவதற்கு ஒரு பொத்தான் போதும். அணைப்பதற்கோ பொறுமை வேண்டும், அறிவு வேண்டும், பொதுச்சொத்து நமதென்ற எண்ணம் வேண்டும். பூசை முடிந்தபின் பீடத்து மெழுகுவர்த்தியை ஊதாமல், அணைப்பானை வைத்து அமைதியாக அணைப்பதைக் கண்டிருக்கிறோம். ஏற்றியதில் உள்ள மரியாதை அணைப்பதிலும் இருக்கிறது.

இப்போது எங்கள் வகுப்பில் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் மேலே கூறிய அணைக்கும் வரிசை என் கையெழுத்தில் இருக்கிறது. படம் முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே, "அக்கா, விசிறி இன்னும் நிக்கல!" என்று சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போது என் தவறுக்கு ஓரளவு ஈடு செய்துவிட்டேன் என்று மனம் ஆறுகிறது.

 ஒளி தரும் கருவியைக் காப்போம். அது காட்டும் ஒளியில் கற்போம்.